மறை 30இல் ஒரு வார இறுதி: எண்ணெய் ஹீற்றரா, விசிறி ஹீற்றரா, மின்போர்வையா?

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் காற்றோடு சேர்த்துக் குளிர் மறை 30 பாகையைத் தொடப் போகிறதென்றால் கடுங்குளிர் எச்சரிக்கை வரும். அது ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தால் திங்கள் காலைவரை எங்கள் வீட்டில் யாரும் படி ஏறுவதில்லை. கூழுக்கு ஒடியல் மாவும் மீனும் வியாழனே வாங்கி வைத்துவிடுவோம். சாப்பாட்டில் குறையில்லை, சூட்டில்தான் குறை. நாங்கள் இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற், நிலமட்டத்துக்குக் கீழே உள்ள வாடகை வீடு. வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்ரற் மேல்வீட்டில் இருக்கிறது. அங்கே 21 பாகை காட்டும் நேரத்தில் அம்மாவின் அறையில் 17தான்.

ரொறன்ரோவில் வாடகை வீட்டைக் குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. கேட்டோம், கூட்டியும் விட்டார்கள். ஆனால் கீழே 20 வருவதற்குள் மேலே பிள்ளைகள் வேர்த்துப் போய் யன்னலைத் திறக்கிறார்கள். அதனால் அறைக்குள் வைக்கும் ஹீற்றர்தான் வழி என்று முடிவாயிற்று. மூன்று வகையும் வாங்கிப் பார்த்துவிட்டோம். இன்றைக்கு எங்களிடம் தினமும் ஓடுவது எண்ணெய் ஹீற்றர், உள்ளே அடைத்த எண்ணெயை மின்சாரத்தால் சூடாக்குவது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். எண்ணெய் ஹீற்றர் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று கடையில் சொல்வார்கள். அப்படியில்லை. 1500 வாற் விசிறி ஹீற்றரும் 1500 வாற் எண்ணெய் ஹீற்றரும் ஒரு மணி நேரத்தில் அதே ஒன்றரை அலகைத்தான் எடுக்கும், அதே அளவு சூட்டைத்தான் கொடுக்கும். எண்ணெய் ஹீற்றர் காற்றை உலர்த்தாது என்பதும் சரியில்லை. குளிர்ந்த காற்றை எதனால் சூடாக்கினாலும் அது வறண்டுதான் போகும். அடுப்பில் கூழ் கொதித்தால் உதடு கொஞ்சம் தப்பும், அவ்வளவுதான்.

விசிறி ஹீற்றரின் நல்ல குணம் வேகம். போட்ட இரண்டாவது நிமிடமே கால் சூடாகும். விலையும் குறைவு. குளியலறைக்கு வெளியே ஐந்து நிமிடம் வைக்க அதைவிட நல்லது இல்லை. இரவு முழுக்க இரையும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை.

எங்கள் முடிவை மாற்றியது இரைச்சல் இல்லை, மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் தானாக விழும் பிரேக்கர். 2023 பெப்ரவரி 3ஆம் தேதி வந்த குளிரை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வார இறுதியில் விசிறி ஹீற்றர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்க, சோற்றுக் குக்கரைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாம் இருட்டு. பிரேக்கர் பெட்டி இருந்தது வீட்டுக்குச் சூடு தரும் ஃபர்னஸ் இருக்கும் பூட்டிய அறைக்குள், மேல்வீட்டுக்காரர் ஒரு கலியாணவீட்டில். இரண்டு மணி நேரம் அம்மாவை மூன்று கம்பளிக்குள் சுற்றி வைத்துக்கொண்டு இருந்தோம். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

கணக்கு எளிது. இங்கே சாதாரண வயரிங் 120 வோல்ற், 15 அம்பியர். அதாவது அதிகபட்சம் 1800 வாற். நீண்ட நேரம் ஓடும் பொருளுக்கு அதில் 80 வீதம், 1440 வாற்தான் பாதுகாப்பான அளவு. எங்கள் பேஸ்மென்றில் படுக்கையறையும் சமையல் மூலையும் ஒரே வயரில்தான். 1500 வாற் ஹீற்றரோடு 700 வாற் குக்கர் சேர்ந்தால் தாங்காது.

எங்கள் எண்ணெய் ஹீற்றரில் 600, 900, 1500 என்று மூன்று நிலை உண்டு. 600இல் வைத்தால் குக்கரும் விளக்கும் ரீவியும் சேர்ந்து ஓடலாம். விசிறி ஹீற்றரிலும் குறைந்த நிலை இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் நிறைய மின்சாரம் இழுக்கும் கேத்திலைப் போடும்போது ஹீற்றரை நிறுத்தத்தானே வேண்டும்? விசிறியை நிறுத்தினால் உடனே குளிரும். எண்ணெய் ஹீற்றரை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி ஊற்றி வரும்வரை அதன் இரும்பு சூடாகவே இருக்கிறது. அம்மாவுக்கு நிறுத்தியதே தெரியாது. எங்களுக்கு அது போதும்.

குறை என்றால், அறை சூடாக அரை மணி நேரம் பிடிக்கும். வெள்ளி மாலை 7 மணிக்குப் போட்டுவிட்டால் பிறகு அந்தக் கவலையில்லை. நேரத்துக்கு ஏற்ற கட்டணத்தில் அப்போதிலிருந்து திங்கள் காலை 7 வரை மலிவு நேரம்தான். அந்த 60 மணி நேரமும் நிற்காமல் 600இல் ஓடினாலும் 36 அலகு. பராமரிப்பு என்று எதுவும் இல்லை. எண்ணெய் உள்ளே அடைத்தே வரும், மாற்றவோ நிரப்பவோ தேவையில்லை. தூசி துடைத்தால் சரி. எந்த ஹீற்றரையும் சுவர்ப் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். கட்டிலிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

மின்போர்வைதான் மூன்றிலும் செலவு குறைந்தது. 100 வாற் அளவில் ஒரு ஆளைச் சூடாக வைக்கும். மகள் சோபாவில் அதைப் போர்த்திக்கொண்டுதான் படிப்பாள். தனியாக இருக்கும் இளம் ஆளுக்கு இதையே முதலில் சொல்வேன். ஆனால் ஒரு குளிர்காலம்தான் பாவித்திருக்கிறோம், எத்தனை கழுவலுக்கு உள்வயர் தாங்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அம்மாவுக்கு அதை நான் கொடுப்பதில்லை. அவருக்கு நீரிழிவு, பாதத்தில் உணர்ச்சி குறைவு. சுட்டாலும் தெரியாது. உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வேண்டாமென்று அதோடு வரும் தாளிலேயே போட்டிருக்கிறது.

இப்போது அம்மாவின் அறையில் 20 பாகை. சொக்ஸைக் கழற்றிவிட்டு, வெற்றுக்காலோடு கட்டிலில் இருந்து கூழுக்குப் பயிற்றங்காய் முறித்துத் தருகிறார்.