கொம்பு முன்னுக்கா, பின்னுக்கா? லினக்ஸில் தமிழ் விசைப்பலகைகளோடு சில வருடங்கள்

லினக்ஸில் தமிழ் ரைப் செய்வது சுகமா என்று யாராவது கேட்டால், எந்த விசைப்பலகையில் பழகினீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் முழுக்க அதில்தான் தங்கியிருக்கிறது. தமிழ்99 பழகியவருக்கு ஒரு பதில், பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசைகளில் வளர்ந்தவருக்கு வேறு பதில், உச்சரிப்பை வைத்து ஆங்கில எழுத்தில் அடிப்பவருக்கு இன்னொன்று. எங்கள் கடையில் இந்த மூன்று வகை ஆட்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து வேலை செய்வதால், மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

யாழ்ப்பாணம் ரவுணுக்குள் எங்களுடையது ஒரு சின்ன அச்சு வடிவமைப்புக் கடை. கலியாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், எல்லாவற்றையும் விடக் கூடுதலாக 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கான கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சிடும் புத்தகம். கல்வெட்டு அவசர வேலை. தேவாரம், வம்சாவளி, நன்றி நவிலல் எல்லாம் தவணைக்குள் பக்கங்களாக வேண்டும், பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் வீட்டுக்காரர் மன்னிக்கமாட்டார்கள். பழைய கணனிகளில் வைரஸ் தொல்லை தாங்காமல் லினக்ஸ் வகையான உபுண்டுவுக்கு மாறினோம். லிப்ரே ஒபிஸும் இங்க்ஸ்கேப்பும் கெதியில் கைக்கு வந்துவிட்டன. விசைப்பலகைதான் வருடக்கணக்காக இழுத்தது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தோம். அமைப்புகளுக்குள் போய் இலங்கை என்று தெரிவு செய்தால் வருவது சிங்களம். தமிழ் அதற்குக் கீழே ஒரு உபவகையாக இருக்கிறது, அதுவும் தமிழ்நெற் 99, அதாவது தமிழ்99. அது 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தளக்கோலம், அதாவது எந்த விசையில் எந்த எழுத்து என்ற ஒழுங்கு. இலங்கைக்கென்று இருக்கும் தரமோ எஸ்எல்எஸ் 1326. 2008இல் வந்த அந்தத் தரம் எடுத்துக்கொண்டது தட்டச்சுப் பொறியின் வழிவந்த ரெங்கநாதன் தளக்கோலத்தை. ஆக, இலங்கை என்ற தலைப்புக்குக் கீழே இலங்கைத் தரத்தைக் காணவில்லை. இதில் சதி ஒன்றும் இல்லை. இப்படியான பட்டியல்களில் யார் எதை எழுதி அனுப்பினார்களோ அதுதான் இருக்கும்.

பட்டியலுக்குப் பின்னால் இருப்பது எக்ஸ்கேபி என்ற பழைய ஏற்பாடு. அதன் கோப்பைத் திறந்து பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. ஒவ்வொரு விசைக்கும் அதன் இடத்தை வைத்து ஒரு பெயர்: ஆங்கில ஏ இருக்கும் விசை ஏசி01, அதற்குப் பக்கத்து விசை ஏசி02. பெயருக்கு நேரே, சும்மா அடித்தால் எந்த எழுத்து, ஷிப்டைப் பிடித்தால் எது, வலப்பக்க ஓல்டைப் பிடித்தால் எது என்று எழுதியிருக்கும். ஒரு வரியை மாற்றினால் ஒரு விசை மாறும். நிரல் எழுதத் தெரியாதவரும் திருத்தலாம்.

குறையும் அந்த எளிமையில்தான் இருக்கிறது. ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான். அதற்கு முன்னால் என்ன அடித்தீர்கள் என்பது எக்ஸ்கேபிக்கு ஞாபகம் இருக்காது. தமிழ்99இன் வேகமே அந்த ஞாபகத்தில்தான் தங்கியிருக்கிறது: க விசையை இரண்டு தரம் அடித்தால் க்க, ந அடித்துத் த அடித்தால் ந்த, க அடித்து ஒ அடித்தால் கொ. புள்ளியைத் தானே போட்டுக்கொள்ளும் வசதி இல்லாத தமிழ்99ஐ நான் தமிழ்99 என்று சொல்லமாட்டேன்.

இன்னொரு தொல்லை, குறுக்கு விசைகள். எக்ஸ்கேபியில் தமிழ் நிற்கும்போது கொன்ட்ரோல் சி, கொன்ட்ரோல் இசட் எல்லாம் சில செயலிகளில் வேலை செய்யும், சிலவற்றில் செய்யாது. செயலிக்குப் போய்ச் சேருவது தமிழ் எழுத்து என்பதால், அது எந்த ஆங்கில எழுத்து இருக்கும் விசை என்று செயலிதான் ஊகிக்கவேண்டும். நாள் முழுக்க வெட்டி ஒட்டுகிற வேலையில் இது பெரிய இடைஞ்சல். தமிழ் இலக்கம் வரும் வகைகளும் பட்டியலில் உண்டு. எங்கள் ஊரில் ரெலிபோன் நம்பரை யார் தமிழ் இலக்கத்தில் போடுகிறார்கள்? தெரிவு செய்யும்போது பெயரைக் கவனமாக வாசியுங்கள்.

ஆகவே எம்17என் பக்கம் போனோம். இது, லினக்ஸில் உள்ளீட்டு முறைகளை நடத்தும் ஐபஸ் என்ற மென்பொருள் வழியாக ஓடும் தொகுதி. கீழே ஆங்கில விசைப்பலகை அப்படியே இருக்க, மேலே இது எழுத்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறது. அதனால் கொன்ட்ரோல் விசைகளில் பிரச்சினை இல்லை. தமிழ்99, உச்சரிப்பு முறை, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் என்று தமிழுக்கே பல கோப்புகள் அதில் உண்டு, முக்கியமாக ரெங்கநாதனும் உண்டு. எனக்குத் தமிழ்99 முதல் நாளே சரிவந்தது. கம்பஸில் படித்துக்கொண்டு பின்நேரம் வேலைக்கு வரும் தம்பிக்கு உச்சரிப்பு முறை போதும். கஷ்டம் வந்தது எங்கள் கடையின் மூத்த தட்டச்சுக்கார அக்காவுக்கு.

அவர் தட்டச்சுப் பொறியில் தொடங்கிப் பாமினிக்கு வந்தவர். ஏ, எச், ஓ, அரைப்புள்ளி என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் 'யாழ்' வந்து நிற்கும். ய, அரவு (ா), ழ, குற்று (புள்ளி). அவர் வேகத்துக்கு நாங்கள் யாரும் கிட்டவும் நிற்கமுடியாது. அந்தப் பழக்கத்தில் கொம்பு (ெ) முதலில் வரும்: கொம்பு, க, அரவு என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தால் கொ. கணனியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோட் கேட்பதோ உச்சரிப்பு வரிசை, க முதலில், உயிர்க்குறி பிறகு. முதல் நாள் நான் கொடுத்த ஏதோ ஒரு தளக்கோலத்தில் இரண்டு வரி அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் கொம்பை முன்னுக்குப் போட இது பின்னுக்கல்லோ கொண்டுபோகுது. இதிலை கல்வெட்டு அடிச்சால் அந்தியேட்டி முடிஞ்சிடும்" என்றார்.

எம்17என் கோப்பில் இதைத் தீர்க்கலாம். அடைப்புக்குறிகள் நிறைந்த, லிஸ்ப் என்ற நிரல் மொழி மாதிரியான எழுத்து. இந்த விசைத் தொடர் வந்தால் இந்த எழுத்தைக் கொடு என்று வரி வரியாக எழுதிக்கொண்டு போகவேண்டும். கொம்பை அடித்ததும், இன்னும் உறுதியாகவில்லை என்று காட்டும் அடிக்கோட்டோடு அதைப் பிடித்து வைத்து, அடுத்த மெய்யைக் கண்டதும் இரண்டையும் மாற்றி அடுக்கும். 18 மெய்க்கும் கிரந்த எழுத்துகளுக்கும், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம், ஒகரம், ஓகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் வரி வேண்டும். எங்கள் கடைக்கென்று ஒரு பிரதி எடுத்து அக்காவின் கைப்பழக்கத்துக்கு ஏற்றபடி அதை அடுக்கினேன். அலுப்பான வேலை, ஆனால் கடினமில்லை.

ஔகாரம்தான் கடினம். தட்டச்சில் ௌ என்று தனியாக ஒன்று கிடையாது. கொம்பு, க, ள என்று அடித்தால் கௌ மாதிரியே தெரியும். தாளில் இரண்டும் ஒன்று. கணனியில் 'கெளரி' வேறு, 'கௌரி' வேறு. கொம்பும் அரவும் தனித்தனியாக வந்தாலும் ொ என்ற ஒரே குறியாக வந்தாலும் இரண்டும் சமன் என்று யூனிகோட்டே வரையறுத்திருக்கிறது, அதனால் ஒழுங்காக எழுதிய தேடுபொறி இரண்டையும் ஒன்றாக எடுக்கும். கொம்பும் ள என்ற எழுத்தும் ௌ ஆகாது, எந்தச் சமன்பாடும் அதைக் காப்பாற்றாது. வம்சாவளியில் கௌரி என்று தேடினால் பாதி கௌரிகள் அகப்படமாட்டார்கள்.

சரி, கொம்பு, மெய், ள என்று வந்தால் ௌ ஆக்கிவிடு என்று விதி எழுதலாமே என்று தோன்றும். அங்கேதான் மோசம். 'வெளிநாடு' உடனே 'வௌிநாடு' ஆகிவிடும், 'வெள்ளி' 'வௌ்ளி' ஆகிவிடும். இலங்கைச் செய்தித் தளங்களில் 'வௌியீடு', 'வௌியிட்டார்' என்றெல்லாம் இன்றைக்கும் பார்க்கலாம். அவசரப்பட்டு ௌ ஆக்கும் விதியொன்று இடையில் எங்கோ இருந்தால் வருவது அச்சொட்டாக இந்த வடிவம்தான். பல எழுத்துருக்களில் அது பார்வைக்குச் சரிபோலவே இருக்கும், சிலவற்றில் நடுவில் புள்ளி வட்டம் வரும். ள வந்த பிறகு இன்னும் ஒரு விசை பொறுத்துப் பார்த்து, அடுத்து உயிர்க்குறியோ குற்றோ வந்தால் ள என்றே விடு என்று விதியை நீட்டலாம். அதையும் செய்து பார்த்தேன். திரையில் அடிக்கோடு நீண்டு நீண்டு போவதை அக்காவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். கடைசியில் விதியை எடுத்துவிட்டு, ௌ என்ற குறிக்கு வலப்பக்க ஓல்டோடு ஒரு விசையை ஒதுக்கினோம். மௌனம், சௌந்தரம், கௌரி. வருவதே சில சொற்கள்தான், பழகிவிட்டது.

ஶ்ரீயும் இதே குடும்பம். ஸ, குற்று, ரீ என்று அடித்தாலும் அந்த எழுத்து வரும், ஶ, குற்று, ரீ என்று அடித்தாலும் அதே எழுத்து வரும். ஶ யூனிகோட்டில் 2005இல் சேர்ந்தது. அதற்கு முந்திய வழக்கத்தில் உருவான தளக்கோலங்கள் ஸவைத்தான் கொடுக்கும். கோயில் பெயர்களில் பாதிக்கு மேல் இந்த எழுத்தோடு தொடங்கும் ஊரில், பழைய நோட்டீஸைத் தேடி எடுக்கும்போது இரண்டு விதமாகவும் தேடவேண்டியிருக்கிறது.

அப்புறம் பராமரிப்பு. எக்ஸ்கேபி கோப்புகளையும் எம்17என் கோப்புகளையும் சிஸ்டத்துக்குள் இருக்கும் இடத்திலேயே திருத்தினால், அடுத்த அப்டேற் வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடும். எம்17என்னுக்கு உங்கள் வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் ஒரு மறைந்த அடைவு உண்டு, சொந்தக் கோப்பை வேறு பெயரில் அங்கே வையுங்கள். ஐபஸை ஒருக்கா மீளத் தொடக்கினால் பட்டியலில் வரும். எக்ஸ்கேபிக்கும் வீட்டு அடைவில் வைக்கும் வழி 2020 அளவில் வந்தது, ஆனால் திரையை நடத்தும் புதிய ஏற்பாடான வேலண்டில் ஓடும் கணனிக்குத்தான் அது பயன்படும். பழைய எக்ஸ் சேர்வர் அதைக் கண்டுகொள்ளாது.

திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டுமானால் மூலத் தொகுதிக்கே அனுப்பவேண்டும். எக்ஸ்கேபி தொகுதியை மிக நீண்ட காலம் முன்னின்று பார்த்தவர் செர்கேய் உதால்ட்சோவ். எத்தனையோ மொழிகளின் கோப்புகள் ஒரு சிலரின் கையால் போகின்றன. தமிழில் கொம்பு எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே திருத்தம் அனுப்புபவர்தான் ஆதாரம் காட்டவேண்டும்: எந்தத் தரம், எந்த விசை, இப்போது என்ன வருகிறது, என்ன வரவேண்டும். ஏற்கெனவே இருக்கும் தளக்கோலத்தில் ஒரு விசையை இடம்மாற்றச் சொன்னால் தயங்குவார்கள், அது நியாயம். யாரோ ஒருவரின் விரல் அந்த இடத்துக்குப் பழகியிருக்கும். புதிய உபவகையாகச் சேர்க்கச் சொல்வது இலகு. ஏற்றுக்கொண்ட பிறகும் பொறுமை வேண்டும். புதிய பதிப்பு வரவேண்டும், அதை லினக்ஸ் வகைகளான டெபியனோ உபுண்டுவோ எடுக்கவேண்டும், அவற்றின் நீண்டகாலப் பதிப்புகளோ இரண்டு வருடத்துக்கு ஒருக்காத்தான். கடையில் இருக்கும் கணனிக்குத் திருத்தம் வந்து சேரும்வரை வீட்டு அடைவுக் கோப்புத்தான் துணை.

கீமேனும் பாவித்துப் பார்த்தேன். எஸ்ஐஎல் என்ற மொழி ஆய்வு நிறுவனம் பராமரிக்கும் திறந்த மூல விசைப்பலகை மென்பொருள். ஒரே தளக்கோலம் விண்டோஸிலும் அன்ட்ரொயிட்டிலும் லினக்ஸிலும் ஓடும், முன்னால் வந்த எழுத்தைப் பார்த்து விதி எழுதும் வசதி எம்17என்னை விடத் தெளிவானது. வீட்டில் விண்டோஸ், வேலையில் லினக்ஸ் என்று இருப்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு எல்லாக் கணனியும் லினக்ஸ், எம்17என் ஏற்கெனவே ஐபஸோடு ஓடுகிறது, அதனால் மாறவில்லை.

தீராமல் நிற்பது ஒன்று. அடிக்கோட்டோடு நிற்கும் கடைசி எழுத்தை உறுதி செய்யமுதல் மவுஸால் வேறு இடத்தில் கிளிக் பண்ணினால், சில செயலிகளில் அந்த எழுத்து நிற்கும், சிலவற்றில் காணாமல் போகும். தளக்கோலக் கோப்பில் இதற்கு மருந்து இல்லை, ஐபஸும் செயலியும் தங்களுக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். அக்கா தானே ஒரு வழி கண்டுவிட்டார், மவுஸைத் தொடமுதல் ஸ்பேஸ் விசையை ஒருக்காத் தட்டுவார். வரிக் கடைசிகளில் மிஞ்சும் அந்த இடைவெளிகளை அச்சுக்குப் போகமுதல் நான் தேடி எடுத்துவிடுகிறேன்.