திறனைக் கூட்டலாமா: மென்கிட்டியா, ஜெச்சேயா?

மருந்தாலும் மரபணுத் திருத்தத்தாலும் மனிதத் திறனைக் கூட்டுவது தகுமா என்று மருத்துவ அறவியல் வகுப்பில் பேச எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நைஜீரியாவில் பிறந்த இஃபியானி மென்கிட்டி, கானாவின் குவாமே ஜெச்சே ஆகிய இரு தத்துவவாதிகளில் ஒருவரைத்தான் விரிவாக எடுக்க முடியும் என்ற நிலையில், நான் ஜெச்சேயைத் தேர்ந்தேன். மனிதர் சமூகத்துக்குள்தான் முழுமை பெறுகிறார் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். அதை விரிக்கத் தேவையில்லை.

ஆள்தன்மை, அதாவது முழு மனிதராக இருக்கும் நிலை, பிறப்போடு வருவதன்று, கடமைகளை ஆற்றி ஆண்டுக்கணக்கில் ஈட்டப்படுவது என்று மென்கிட்டி 1984இல் எழுதினார். முதியவர் உட்கார்ந்தபடி காண்பதை இளைஞன் எழுந்து நின்றாலும் காண முடியாது என்ற, நைஜீரியாவின் இக்போ மக்களின் பழமொழியை அங்கே துணைக்கு அழைக்கிறார். தேர்வுக்கு முந்தைய இரவில் மோடாஃபினில் என்ற விழிப்பூட்டும் மருந்தை விழுங்கும் மாணவனுக்கு இது நல்ல பதில். மாத்திரை விழிப்பைத் தரும், அந்த முதியவரின் பார்வையைத் தராது.

ஆனால் ஈட்டாதவரின் நிலை என்ன? என் தேர்வை முடிவுசெய்தது இந்தக் கேள்விதான். ஆள்தன்மையை அடைவதில் ஒருவர் தோற்கவும் கூடும் என்று மென்கிட்டியே ஒப்புக்கொள்கிறார். அவர் சொல்வது ஒழுக்கத்தின் ஏணியைத்தான், அறிவுக்கூர்மையின் ஏணியை அன்று. ஆயினும், கூட்டிய நினைவாற்றலையும் கவனத்தையும் ஒரு சமூகம் மருத்துவரிடமோ விமானியிடமோ கடமையாகவே எதிர்பார்க்கத் தொடங்கினால், மாத்திரையை மறுத்தவரும் வாங்க வசதியற்றவரும் அந்த ஏணியின் கீழ்ப்படியிலேயே நிறுத்தப்படுவார்கள்.

ஜெச்சேயிடம் இந்த ஆபத்துக்கு ஒரு தடை இருக்கிறது. மனிதர் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள், யாரும் மண்ணின் பிள்ளை அல்லர் என்ற, கானாவின் அக்கான் மக்களின் பழமொழியைக் காட்டி, மனித மதிப்பு பிறப்பிலேயே உள்ளது என்கிறார். தீயவரை அக்கான் மக்கள் 'இவர் மனிதரே அல்லர்' என்று சொல்வதுண்டு. அது நடத்தையின் மீதான கண்டனமே தவிர, மதிப்பைப் பறிப்பதன்று என்றும் விளக்குகிறார். சமூகம் ஒருவரை முழுதாக உருவாக்கிவிடுவதில்லை என்பதால், அதன் கோரிக்கையை எடைபோட்டு மறுக்கும் இடத்தையும் அவருக்கு விட்டுவைக்கிறார். மேம்படுத்தப்படாதவருக்கு இந்த இரண்டும் வேண்டும்.

இருவரையும் ஆங்கிலத்தில் மட்டுமே படித்தவன் நான். அக்கான், இக்போ வீடுகளில் இந்தக் கருத்துகள் எப்படிப் புழங்குகின்றன என்று பேச எனக்குத் தகுதியில்லை. கருவில் செய்யும் மரபணுத் திருத்தத்துக்கு வரும்போது என் உறுதியும் தளர்கிறது. ஜெச்சே விட்டுவைக்கும் மறுக்கும் இடம் அங்கே உதவாது, மறுப்பதற்கு இன்னும் ஒருவர் பிறக்கவில்லை. எனவே கடைசி அரை மணி நேரத்தை மென்கிட்டிக்கு ஒதுக்கினேன்.