தசை துள்ளுவதைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்: மின்தூண்டல் கருவி வாங்குவோர் கவனத்திற்கு

என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போய்விட்டது என்பது நேற்றுதான் உறுதியானது, ஆத்திரம் அடங்கவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவின் தொடைத் தசை மெலிந்துபோனதால், தசைக்கு வலுவூட்டும் மின்தூண்டல் கருவி என்று சொல்லி ஓர் இணையக் கடை விற்றதை வாங்கினேன்.

என்னை நம்ப வைத்தது வீடியோ அழைப்பில் வந்த விற்பனையாளர்தான். சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையில் இரண்டு ஒட்டுப்பட்டைகளை ஒட்டிப் பொத்தானை அழுத்தினார். அவருடைய நடுவிரலும் மோதிரவிரலும் தாமாகவே மடங்கி மடங்கி விரிந்தன. "அம்மாவின் தசையும் இப்படித்தான் வேலை செய்யும்" என்றார். அழைப்பு முடியும் முன்பே பணத்தை அனுப்பிவிட்டேன்.

ஆறு வாரம் அம்மாவின் தொடை துடித்ததுதான் மிச்சம். அவரால் பிடிமானமின்றி நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. கருவியைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் காரணத்தை விளக்கினார். தோலின் மேல் செலுத்தும் மின்சாரம் பெரும்பாலும் தசையை நேராகத் தூண்டுவதில்லை. தசை இழையைவிட எளிதில் கிளர்ந்துவிடும் இயக்க நரம்பைத்தான் தூண்டுகிறது. நரம்பின் சைகை வந்ததும் தசை இழைக்குள் கால்சியம் வெளிப்பட்டு, தசை ஒருமுறை சுருங்கி உடனே தளர்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 மின்துடிப்புகள் வரை வந்தால்தான், ஒரு சுருக்கம் தளர்வதற்குள் அடுத்தது அதனோடு சேர்ந்து தசை இறுகி நிற்கும். வலுவூட்ட அந்த இறுக்கம் வேண்டும். எங்களுக்கு வந்த கருவியோ நொடிக்கு 2 துடிப்புகளுக்கு மேல் தராது! செத்த தவளையின் கால்கூட மின்சாரம் பட்டால் துள்ளும் என்று இத்தாலிய மருத்துவர் கால்வானி 1791இலேயே எழுதிவிட்டார். அந்தத் துள்ளலை விற்றுத்தான் என் பாதிச் சம்பளத்தைப் பறித்திருக்கிறார்கள்.

கடையைக் கேட்டால், முதலில் "இன்னும் மூன்று வாரம் பயன்படுத்துங்கள்" என்றார்கள். பிறகு, பட்டைகளைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்றார்கள். அதன்பின் அந்த விற்பனையாளர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். பாதி மாத உழைப்புக்கு இவ்வளவுதான் பதில்.

வாங்க நினைப்பவர்கள், நொடிக்கு எத்தனை துடிப்பு, அதை மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் ஒட்டவே ஒட்டாதீர்கள். கழுத்தின் முன்புறத்திலும் மார்பின் குறுக்கேயும் யாருக்கும் வேண்டாம். பசை காய்ந்த பட்டை தோலைச் சுட்டுவிடும். அம்மாவின் தொடையில் அந்தச் சிவந்த வட்டம் இன்னும் மறையவில்லை.