14416 டெலி மானஸ்: "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு சொல்றவங்களும் பேசலாம்

14416ங்கறது டெலி மானஸ்ங்கற அரசோட மனநல உதவி போன் நம்பர். இதைப் பேப்பர்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க, பெரும்பாலும் தற்கொலைச் செய்திக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம் கட்டிப் போட்டிருப்பாங்க. அதனாலயே இது உயிரை விடற நிலைமைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்னு நெனச்சுக்கறோம். அப்படி இல்லங்க. நேரத்துக்கு சாப்பிடறோம், வேலைக்குப் போறோம், நாலு பேர்கிட்ட சிரிச்சுப் பேசறோம், ஆனா உள்ளுக்குள்ள எந்நேரமும் பக்குபக்குன்னு இருக்கு, அந்த மாதிரி ஆளுங்களுக்கும் இது ரொம்ப நல்ல சர்வீஸ், நான் பேசிப் பார்த்துட்டுத்தான் எழுதறேன்.

எனக்கு மனசு சரியில்லைன்னு தோணவே இல்ல. காலைல ஆபீஸ் கிளம்பறதுக்குள்ள வயிறு கலக்கும், சாயங்காலம் ஆனா தாடை வலிக்கும், பகல் முழுக்க பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்னு அப்பதான் தெரியும். கேஸை மூடிட்டேனான்னு கதவைப் பூட்டினப்புறம் திரும்ப உள்ள போய்ப் பாப்பேன். பையன் டியூஷன்லேருந்து பத்து நிமிஷம் லேட்டானா லாரி, ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரின்னு மனசு எங்கெங்கயோ ஓடும், அவன் வந்து நின்னதும் நிம்மதி வரணும்ல, கோவம்தான் வரும். வயித்துக்குன்னு டாக்டர்கிட்ட போய் எண்டோஸ்கோபி, இசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, எல்லாமே நார்மல். (தைராய்டு ஜாஸ்தியா சுரந்தாலும் இதே படபடப்பு வரும், அதனால அந்த டெஸ்ட்டை மட்டும் விட்டுடாதீங்க.) ரிப்போர்ட்டெல்லாம் பார்த்துட்டு அந்த டாக்டரே தான் 14416க்கு ஒரு போன் போட்டுப் பேசுங்கம்மான்னு சொன்னார்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்னிக்கு ஆரம்பிச்ச சர்வீஸ் இது. நம்ம தமிழ்நாட்டுல "நட்புடன் உங்களோடு மனநல சேவை"ன்னு பேரு. 24 மணி நேரமும் உண்டு, பைசா கிடையாது, தமிழ்லயே பேசலாம். என்கிட்ட பேசின கவுன்சிலர் பொண்ணு எடுத்த எடுப்புல கவலை இருக்கான்னு கேக்கவே இல்ல, கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லி வெச்சிருப்பேன். தூக்கம் எப்படி, படுத்ததும் வருதா, நடுராத்திரில முழிப்பு வருதா, காபி எத்தனை தடவை, வீட்டுல யார்கிட்ட அடிக்கடி எரிஞ்சு விழறீங்கன்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க. நான் பதில் சொல்லச் சொல்ல எனக்கே புரிய ஆரம்பிச்சது. எந்த இடத்துலயும் அவசரப்படுத்தல, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது.

அப்புறம் நானே, பதட்டம் எவ்வளவு இருக்குன்னு பாக்கற ஜிஏடி-7ங்கற கேள்வித்தாளைத் தேடிப் போட்டுப் பார்த்தேன். 2006ல வந்தது, உலகம் பூரா டாக்டர்கள் பயன்படுத்தறாங்க. கடைசி ரெண்டு வாரத்தைப் பத்தி ஏழே கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேருந்து 3 வரைக்கும் மார்க், மொத்தம் 21. 5 வந்தா லேசானது, 10 நடுத்தரம், 15ம் அதுக்கு மேலயும் தீவிரம், 10 வந்தாலே டாக்டரைப் பாக்கறது நல்லது. அதுல ஆறாவது கேள்வி எரிச்சலைப் பத்தி, சட்டு சட்டுன்னு எரிச்சல் வருதான்னு. நம்ம வீடுகள்ல சிடுசிடுன்னு இருக்கறவங்களுக்குக் கோவக்காரின்னு பேர் வெச்சு ஒதுக்கிடறோம், அந்தக் கோவத்துக்கு அடில பயம் உக்காந்திருக்கலாம்னு யாருமே யோசிக்கறதில்ல. இந்த ஒரு கேள்விக்காகவாவது எல்லாரும் அதைப் படிக்கணும். ஆனா மார்க் வந்துட்டதால வியாதின்னு அர்த்தம் இல்ல, டாக்டர் பார்த்துதான் சொல்லணும்.

கவுன்சிலர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு நல்லா வேலை செஞ்சது. கவலைப்படறதுக்குன்னே தினம் சாயங்காலம் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கிடுங்க, நடுவுல ஏதாவது தோணினா ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டு அந்த நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கன்னாங்க. ஜிஎஸ்டி பைல் பண்ணினதுல தப்பு இருக்குமோ, அம்மாவுக்கு சுகர் ஏறிடுச்சோன்னு காலைல எழுதி வெச்சதுல பாதி சாயங்காலம் படிக்கும்போது ஒண்ணுமே இல்லாம போயிருக்கும். மீதி பாதிக்கு என்ன செய்யலாம்னு யோசிக்கத் தெம்பு இருக்கும்.

குறைன்னு பாத்தா, வீட்டுல எல்லாரும் இருக்கும்போது மனசு விட்டுப் பேச முடியாது, நான் மொட்டை மாடிக்குப் போய்தான் பேசினேன். போன்ல பேசறது மட்டுமே எல்லாருக்கும் போதும்னும் சொல்ல மாட்டேன், தேவைப்பட்டா மனநல டாக்டர்கிட்டயே பேச ஏற்பாடு பண்றாங்க, நேர்ல பாக்கணும்னா மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு. 2024 அக்டோபர்லேருந்து ஆப் கூட வந்திருக்கு.

வீட்டுல பெரியவங்க இருந்தா அவங்க பதட்டம்னு வாயைத் திறந்து சொல்லவே மாட்டாங்க, நெஞ்சு படபடங்குது, கைகால் வெலவெலங்குது, சாப்பாடு இறங்கலன்னுதான் சொல்லுவாங்க. டெஸ்ட்ல எல்லாம் சரியா இருந்தும் அதையே சொல்லிட்டிருந்தா நீங்களே நம்பரைப் போட்டு அவங்க கைல குடுங்க, பட்டன் போன்லேருந்தும் போகும்.