பழைய லெக்ஸஸை அப்படியே தானம் கொடுப்பதா, விற்றுப் பணமாகக் கொடுப்பதா?

அமெரிக்காவில் பத்து வருடம் ஓடிய லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350, பிஎம்டபிள்யூ எக்ஸ்5 மாதிரி ஒரு வண்டி வீட்டில் நின்றால், "தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம், வரியிலும் குறையும்" என்று யாராவது சொல்வார்கள். பாதி சரி. சந்தை விலை முழுவதையும் வரிக்கழிவாக (வரி போடும் வருமானத்தில் குறைக்கும் தொகையாக) காட்டிய காலம் 2004 சட்டத்தோடு போய்விட்டது. 2005 முதல், 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், தொண்டு நிறுவனம் வண்டியை விற்ற தொகைதான் உங்கள் உச்சவரம்பு. அந்த விற்பனை பெரும்பாலும் மொத்த வியாபாரிகள் வாங்கும் ஏலத்தில் நடக்கும்.

ஒரு கணக்குக்காக, நன்றாக ஓடும் ஆர்எக்ஸ் ஒன்றை நேரடியாக ஒருவருக்கு விற்றால் 14,000 டாலர் வரும், ஏலத்தில் 9,500 போகும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே கொடுத்தால் கழிவு 9,500. 24 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு மிச்சம் 2,280. தொண்டு நிறுவனத்துக்கு அந்த 9,500-ம் முழுசாகப் போகாது. வண்டியை இழுத்துப்போய் ஏலத்தில் விடும் இடைத்தரகர் கால் பங்கு எடுத்தால் கையில் சேர்வது சுமார் 7,100. நீங்களே விற்று 14,000-ஐயும் காசோலையாகக் கொடுத்தால் அவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு, உங்கள் வரி மிச்சமும் 3,360. வாங்கிய விலைக்குக் கீழே சொந்த வண்டியை விற்றால் அந்தப் பணத்துக்கு வருமான வரி கிடையாது.

இந்த மிச்சமெல்லாம் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்பவர்களுக்குத்தான். 2026-க்கு நிலையான கழிவு, அதாவது பட்டியலிடாமலே எல்லோருக்கும் கிடைக்கும் கழிவு, தனிநபருக்கு 16,100, தம்பதிக்கு 32,200 டாலர். வீட்டுக் கடன் வட்டி பெரிதாக இல்லாத வீட்டில் இதைத் தாண்டுவது கஷ்டம். தாண்டாவிட்டால் வண்டி தானத்தால் வரியில் ஒரு பைசா குறையாது. அதே 2026 முதல், பட்டியலிடாதவர்களும் தனிநபர் 1,000, தம்பதி 2,000 டாலர் வரை நன்கொடைக் கழிவு பெறலாம். ஆனால் அது பணமாகக் கொடுத்தால் மட்டும். வண்டிக்குச் செல்லாது. பட்டியலிடுபவர்களுக்கும் இனி வருமானத்தில் 0.5 சதவீதம் வரையிலான தானம் கணக்கில் சேராது.

முன்பின் தெரியாத ஆளை வீட்டுக்கு வரவழைத்து விற்க மனமில்லையா? பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸ் போன்ற இடத்தில் கொடுக்கும் விலை ஏழு நாள் செல்லும். தனி விற்பனையைவிடக் குறைவாக இருந்தாலும் அலைச்சல் இல்லை. புது வண்டி வாங்குவதாக இருந்தால் டீலரிடமே மாற்றிவிடுவதையும் கணக்குப் போடுங்கள். டெக்சாஸில் பழைய வண்டியின் விலையைக் கழித்துத்தான் 6.25 சதவீத விற்பனை வரி போடுவார்கள். 12,000-க்குக் கொடுத்தால் 750 டாலர் வரி குறையும். கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை.

அப்படியென்றால் வண்டியாகவே கொடுப்பது எப்போது சரி? பழுதுச் செலவு விலையை நெருங்கும்போது. சொகுசு வண்டிகள் இந்த இடத்துக்குச் சீக்கிரம் வந்துவிடும்: ஏர் சஸ்பென்ஷன் இறங்கி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் எக்ஸ்5, வால்வ் கவர் கேஸ்கெட்டிலும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கிலும் கசியும் எஞ்சின், மின்சார வாட்டர் பம்ப் போன வண்டி. கலிஃபோர்னியாவில் தனியாக விற்பவர்தான் புகைச் சோதனைச் சான்றிதழ் தர வேண்டும்; செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் தேறாது. ஓடாத வண்டியைக்கூட தான நிறுவனங்கள் இலவசமாக இழுத்துச் செல்வதுண்டு. ஏலத்தில் 300-க்கே போனாலும், உண்மையான மதிப்பு 500-க்கு மேல் இருந்தால் 500 வரை கழிவு கேட்கலாம்.

முழுச் சந்தை மதிப்புக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. நிறுவனம் வண்டியைத் தானே கணிசமாக ஓட்டினாலோ (ஒரு வருடம் தினமும் உணவு விநியோகம் என்பது போல), பெரிய பழுது பார்த்து மதிப்பை உயர்த்தினாலோ, ஏழைக் குடும்பத்துக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்தாலோ அது பொருந்தும். பெயின்ட் அடிப்பதும் ஒடுக்கு எடுப்பதும் பெரிய பழுதில் சேராது. இங்கே கழிவு 5,000-ஐத் தாண்டினால் தகுதியான மதிப்பீட்டாளரின் அறிக்கையும் பொருள் தானத்துக்கான வரிப் படிவம் 8283-இன் பி பிரிவும் வேண்டும். அறிக்கை தானத்துக்கு 60 நாளுக்கு முந்தையதாக இருக்கக்கூடாது. ஆனால் பராமரிப்புச் செலவு அதிகமுள்ள ஜெர்மன் வண்டியை ஏழைக் குடும்பத்தின் தலையில் கட்டுவது உதவியா என்பது வேறு கேள்வி.

கொடுப்பதென்று முடிவானால், முதலில் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் வரிவிலக்கு நிறுவனத் தேடலில் பெயரைப் பாருங்கள். டைட்டிலில் (வண்டியின் உரிமைப் பத்திரத்தில்) வாங்குபவர் இடத்தை வெற்றாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விட்டால், வண்டி அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை டோல் பாக்கியும் பார்க்கிங் அபராதமும் உங்களைத் தேடித்தான் வரும். ஒஹையோ, வட கரோலைனாவில் அந்தக் கையெழுத்து நோட்டரி முன்னால்தான். நியூயார்க்கில் நம்பர் பிளேட்டைக் கழற்றி ஒப்படைத்த பிறகே காப்பீட்டை ரத்து செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் பிளேட் வண்டியோடு போகும். ஆனால் ஐந்து நாளுக்குள் வண்டி கைமாறிவிட்டது என்று சொல்லும் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைப் பதிய வேண்டும். டோல் டேக்கைக் கழற்றுங்கள்; கேரேஜ் கதவுப் பொத்தானின் நினைவு, திரையில் சேமித்த முகவரிகள் எல்லாவற்றையும் அழியுங்கள். இரண்டாவது சாவியையும் கொடுங்கள். ஒற்றைச் சாவி வண்டி ஏலத்தில் விலை இறங்கும்.

விற்ற 30 நாளுக்குள் தொண்டு நிறுவனத்திடமிருந்து வண்டி தானத்துக்கான சான்றான படிவம் 1098-சி வரும். அதில் 4சி பெட்டியில் இருக்கும் தொகைதான் உங்கள் கழிவுக்கு வரம்பு. விற்றதைக் குறிக்கும் 4ஏ-க்குப் பதிலாக, மேலே சொன்ன விதிவிலக்குகளைக் குறிக்கும் 5ஏ அல்லது 5பி குறியிடப்பட்டிருந்தால் மட்டுமே சந்தை மதிப்பு. டிசம்பரில் கொடுத்து ஜனவரியில் விற்றாலும் கழிவு கொடுத்த வருடத்துக்கே. வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் வாரத்தில் வண்டியைக் கொடுப்பவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான்: படிவம் காலி செய்த வீட்டுக்குப் போய்ச் சேரும். அங்கேயே இருக்கும் நண்பரின் முகவரியை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.