பறக்காத ரோவ் வண்டைப் பிடிக்க எது ஏற்றது? சல்லடை, விங்க்ளர் பை, பெர்லீஸ் புனல், குழிப்பொறி

புதுச் சிற்றினத்தை விவரிப்பவருக்கு எத்தனை வண்டு கிடைத்தது என்பது பெரிதல்ல, எந்த நிலையில் கிடைத்தது என்பதுதான் பெரிது. சிற்றினத்தைப் பிரித்தறிய உதவும் இனப்பெருக்க உறுப்பு சிதையாத முதிர்ந்த ஆண்கள் வேண்டும். டிஎன்ஏ கெடாத உடல் வேண்டும். எந்த உயரத்தில், எந்தச் சருகிலிருந்து எடுத்தது என்ற பதிவும் வேண்டும். ரோவ் வண்டுகள் என்பவை வயிறு வெளியே தெரியும்படி குட்டை முன்சிறகு கொண்ட வண்டுக் குடும்பம். சோலைக்காட்டுச் சருகில் வாழும் பறக்காத ரோவ் வண்டுகளிடம் விளக்குப்பொறி செல்லாது. மிஞ்சுவது நான்கு வழிகள்.

முதலிடம் சல்லடைக்கே. துணிப்பைக்குள் 8 முதல் 10 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை இருந்தால் போதும். மேலாக உதிர்ந்து கிடக்கும் காய்ந்த இலையை ஒதுக்கிவிட்டு, சருகு மண்ணோடு சேரும் ஈர அடுக்கை அள்ள வேண்டும். மரவேர் இடுக்கு, விழுந்த மரத்தின் ஓரம், பெரணித் தூர், ஓடைக்கரைச் சருகு ஆகியவை நல்ல இடங்கள். சலித்ததைப் பிடிபிடியாக வெள்ளைத் தட்டில் பரப்பிச் சில நிமிடம் காத்திருங்கள். குளிரில் வண்டுகள் அசையாமல் கிடக்கும். அவசரமாகக் கொட்டிவிட்டால் வண்டும் போய்விடும். கண்ணில் பட்டதை உறிஞ்சுகுழாயால் எடுத்து நேரே 96% எத்தனாலில் போடலாம். ரோவ் வண்டுகளில் ஒன்றான பீடெரஸ் பேரினத்தில் பறக்காத மலைவாழ் வண்டுகளும் உண்டு. தோலில் நசுங்கினால் கொப்புளம் வரும், ஆகவே விரலால் பிடிக்க வேண்டாம். சல்லடையின் குறை, 2 மி.மீ. வண்டுகள் கண்ணுக்குத் தப்புவது. மழையில் நனைந்த சருகு வலையை அடைத்துக்கொள்ளும்.

அந்தக் குறையைத் தீர்ப்பது விங்க்ளர் பை. கையால் பொறுக்கி முடித்த அதே சலித்த சருகை வலைப்பைகளில் நிரப்பி, துணிக்கூண்டுக்குள் தொங்கவிட்டு, அடியில் எத்தனால் குவளையைக் கட்டுகிறோம். சருகு காயக் காய வண்டுகள் வெளியேறிக் குவளையில் விழும். மின்சாரம் தேவையில்லை, முகாமிலேயே மாட்டலாம். மாட்டும் முன் பையைத் தட்டின் மேல் உலுக்கி, உதிர்ந்த மண்ணை மறுபடி பையில் போடுங்கள். இல்லாவிட்டால் குவளை சேறாகிவிடும். வழக்கமாக 48 மணி நேரம் வைப்பார்கள். பருவமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் அது போதாது. தினம் ஒருமுறை சருகைக் கொட்டிக் கலந்து திரும்பப் போட்டால் நின்றுபோன வண்டுகள் மீண்டும் நகரும்.

மேலே எரியும் பல்பின் சூட்டால் வண்டுகளைக் கீழே இறங்க வைக்கும் பெர்லீஸ் புனலை மலைக்குத் தூக்கிச் செல்வது வீண். பாசிக்கும் மண்கட்டிக்கும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பல்பும் மின்சாரமும் வேண்டும். சூடு அதிகமானால் மேற்பகுதி சட்டெனக் காய்ந்து, வண்டு இறங்கும் முன்பே உள்ளே செத்துப்போகும். புனல் சுவரில் வியர்க்கும் நீரில் சிறியவை ஒட்டிக்கொள்ளும்.

நாம் இல்லாதபோதும் வேலை செய்வது, மண்ணில் குவளையைப் புதைத்து வைக்கும் குழிப்பொறி. இரவில் அலையும் பெரிய வண்டுகளுக்கு அதுவே சிறந்தது. குவளை விளிம்பு மண்ணுக்கு மேலே துருத்தினால் வண்டு சுற்றிப் போய்விடும். கூரை வைக்காவிட்டால் மழைநீர் கலந்து திரவம் நீர்த்து, வண்டின் வயிறு உப்பிப் பிய்ந்துவிடும். பிய்ந்த வயிற்றோடு போவது நமக்குத் தேவையான உறுப்பேதான். புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றுங்கள். எத்திலீன் கிளைக்கால் காட்டு விலங்குகளுக்கு நஞ்சு. வினிகரும் ஃபார்மலினும் டிஎன்ஏவைக் கெடுக்கும். விழுந்த வண்டு எந்தச் சருகில் வாழ்ந்தது என்பதைக் குழிப்பொறி சொல்லாது.

ஆணின் உடலை இவ்வளவு பேணுவதற்குக் காரணம் உண்டு. மால்கம் கேமரன் 1930 முதல் 1939 வரை எழுதிய நான்கு தொகுதிகளே இந்திய ரோவ் வண்டுகளுக்கு இன்றும் அடிப்படை. அவற்றில் ஆணுறுப்பு விவரம் பெரும்பாலும் கிடையாது. ஆகவே பழைய வகைமாதிரிகளின் (சிற்றினப் பெயருக்கு அடிப்படையான மூல மாதிரிகளின்) ஆணுறுப்பைப் பிரித்துப் பார்த்து ஒப்பிடாமல் ‘புதிது’ என்று எழுத முடியாது. 96% எத்தனாலில் விறைத்த உடலை வெந்நீரில் ஊறவைத்து இளக்கியபின் உறுப்பைப் பிரித்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் தெளிய வைக்கலாம். கூட்டுப்புழு நிலையிலிருந்து புதிதாக வெளிவந்த வெளிறிய ஆணைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காயும்போது உறுப்பு சுருங்கி வடிவம் மாறிவிடும்.

பறக்காததுதானா என்பதையும் முன்சிறகைத் தூக்கி, அடியிலுள்ள பின்சிறகைப் பார்த்தே எழுத வேண்டும். பறக்காதவற்றில் முன்சிறகு முன்மார்பை விடக் குட்டையாகவும் தோள் சரிந்தும் இருக்கும். ஏழாம் வயிற்றுத் தகட்டின் பின்விளிம்பில் வெண்ணிற மயிர்க்கரை பெரும்பாலும் இருக்காது. சில சிற்றினங்களில் சிறகுள்ளவையும் சிறகு குறைந்தவையும் கலந்தே இருப்பதால் ஒரே வண்டை நம்ப வேண்டாம்.

நான்கில் எந்த வழியில் பிடித்தாலும் வனத்துறை அனுமதி முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி புதுச் சிற்றினத்தை அறிவித்து, சான்று மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். ஹோலோடைப் (பெயருக்கு அடிப்படையாகக் குறிக்கப்படும் ஒற்றை மாதிரி) எது, எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதைக் கட்டுரையிலேயே எழுதாவிட்டால் சூட்டிய பெயர் செல்லாது.