கடவுள் இல்லாமல் அறம் நிற்குமா? மூன்று அடித்தளங்கள், ஓர் ஒப்பீடு

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு வீடு வாடகைக்கு விடலாமா, பெண் கொடுக்கலாமா என்ற தயக்கம் நம் ஊரில் இன்றும் இருக்கிறது. "சாமிக்கே பயப்படாதவன் வேறு யாருக்குப் பயப்படுவான்?" என்பார்கள். மறுபக்கத்திலிருந்து உடனே பதில் வரும்: "கோயில் கோயிலாகப் போகிறவர்கள்தானே லஞ்சமும் வாங்குகிறார்கள்?" இரண்டுமே கேள்வியைத் தட்டிக்கழிக்கும் பேச்சு. இரு பக்கமும் நல்லவர்களும் உண்டு, கெட்டவர்களும் உண்டு. ஆட்களை எண்ணிப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. "நான் ஏன் நல்லபடி நடக்க வேண்டும்?" என்று ஒருவர் நேருக்கு நேர் கேட்டால், கடவுளைத் துணைக்கு அழைக்காமல் உறுதியான பதில் சொல்ல முடியுமா? அதுதான் கேள்வி.

முடியும் என்பது என் கருத்து. ஆனால் நாத்திகர்கள் பலர் நினைப்பதுபோல, 'கடவுள் இல்லை' என்ற வாக்கியத்திலிருந்து அறம் தானாக வந்துவிடாது. கடவுளின் ஆணை, கடவுள் இல்லாத வினைக்கொள்கை, மனிதரை மட்டும் நம்பும் நாத்திகம் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். எது நல்லது என்று யார் முடிவு செய்வது? யாரும் பார்க்காதபோது ஏன் நல்லபடி நடக்க வேண்டும்? தவறிப்போனால் திருத்திக்கொள்ள வழி உண்டா? மூன்றையும் இந்தக் கேள்விகளை வைத்துத்தான் பார்க்கப் போகிறேன்.

கடவுளின் ஆணை

இதன் பலம் பெரிது. ஆள் இல்லாத இடத்திலும் ஒரு கண் பார்க்கிறது என்று நம்புகிறவர் தனியாக இருக்கும்போதும் தனியாக இல்லை. அரசன் முன்னாலும் ஆண்டி முன்னாலும் ஒரே நீதிபதி. எளிய மனிதர் ஒருவர் பெரிய அதிகாரத்தைப் பார்த்து "இது அநியாயம், சாமி கேட்கும்" என்று சொல்லும் துணிவு இதிலிருந்து வந்ததுதான். இதைக் குறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கடவுள் சொன்னதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் கடவுள் அதைச் சொன்னாரா? கிரேக்கத்தில் சாக்ரடீஸ் எழுப்பியதாகப் பிளேட்டோ எழுதிவைத்த கேள்வி இது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, திருச்செங்காட்டங்குடி போதும். பைரவ வேடத்தில் வந்த சிவபெருமான் பிள்ளைக்கறி கேட்க, சிறுத்தொண்டர் தம் ஒரே மகன் சீராளனை அரிந்து சமைத்துப் படைத்தார் என்கிறது பெரியபுராணம். முடிவில் பிள்ளை உயிரோடு ஓடி வருகிறான். இதை எல்லையற்ற அன்பின் கதையாகப் படித்து உருகும் அடியார்களை எனக்குத் தெரியும், அந்த உருக்கம் பொய்யில்லை. ஆனால் நாளைக்கு ஒரு தந்தை இதே ஆணை தனக்கும் வந்தது என்று கத்தியை எடுத்தால், அதே அடியார்கள்தான் முதலில் ஓடிப்போய்த் தடுப்பார்கள். "சிவன் அப்படிக் கேட்கமாட்டார்" என்றும் சொல்வார்கள். கேட்கமாட்டார் என்று எப்படித் தெரியும்? பிள்ளையைக் கொல்வது தவறு என்று அவர்களுக்கு முன்பே தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் எது கடவுளின் குரல், எது மனக்கோளாறு என்று பிரிக்கிறார்கள். நடைமுறையில் ஆணையை அளக்கும் கோல் ஆணைக்கு வெளியே இருக்கிறது.

ஆத்திகரிடம் இதற்கு நல்ல பதில் ஒன்று உண்டு. கடவுள் வெளியே நின்று கட்டளையிடும் எசமானர் அல்லர், அன்பே அவருடைய இயல்பு, ஆகவே ஆணையும் நன்மையும் இரண்டல்ல என்பார்கள். இந்தப் பதிலை வாழ்ந்து காட்டியவர் வள்ளலார். உயிர்கள் எல்லாம் ஒரே இறைவனால் படைக்கப்பட்ட சகோதரர்கள், அதனால் ஓர் உயிர் துன்பப்படும்போது இன்னோர் உயிர் உருகுகிறது என்பது அவர் சொன்ன காரணம். 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது, வருகிறவரிடம் சாதி கேட்காமல் சோறு போடுகிறார்கள். ஆத்திக அறத்தின் உச்சம் இதுதான் என்பேன். பசி வந்தவனுக்கு உடம்பில் என்னென்ன நடக்கிறது என்று அவர் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். கண் பஞ்சடைந்து குழிந்துபோகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, கைகால் துவள்கிறது என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போவார். அதைப் படித்து ஒருவர் எழுந்து போய்ச் சோறு போட்டால், அவரை எழுப்பியது எது? படைப்பைப் பற்றிய கொள்கையா, எதிரே குழிந்துபோன அந்தக் கண்ணா? கொள்கையை ஏற்காதவரையும் அந்தப் பக்கங்கள் எழுப்புகின்றன. நாத்திக அறத்துக்கு இடம் உண்டு என்று எனக்கு முதலில் தோன்றியது அங்கேதான்.

கடவுள் இல்லாத வினைக்கொள்கை

கடவுளை எடுத்துவிட்டால் ஒழுக்கம் சரிந்துவிடும் என்பதற்குச் சமணமும் பௌத்தமும் பழைய மறுப்பு. உலகைப் படைத்துக் காக்கும் கடவுள் ஒருவரை இரண்டும் ஏற்பதில்லை. ஆனாலும் கொல்லாமையில் சமணரைவிடக் கண்டிப்பானவர்களைக் காட்டுவது கடினம். நாம் 'நாத்திக ஒழுக்கம்' என்று புதிதாகப் பேசுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மதுரையைச் சுற்றிய குன்றுகளில் அப்படி வாழ்ந்திருக்கிறார்கள்.

இங்கே கடவுளின் இடத்தில் வினை உட்கார்ந்திருக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் செய்த வினை விடாது. தனிமையிலும் காவல் உண்டு, ஆனால் காவலர் இல்லை. அழகான ஏற்பாடுதான். இதன் விலையைக் கொடுப்பது யார் என்று பார்த்தால்தான் வலிக்கிறது. துன்பப்படுகிறவரைப் பார்த்து "முற்பிறவிப் பயன்" என்று சொல்லிவிட்டு நகர இது வழி விடுகிறது. சேரியில் பிறந்ததற்கும் உடல் குறையோடு பிறந்ததற்கும் அவரவரையே பொறுப்பாக்கிவிட்டால், அநியாயம் செய்தவர் என்று யாருமே மிஞ்சமாட்டார்கள்.

கடவுளை நம்பும் பக்கமும் இதே குழியில் விழுந்ததுண்டு. 1934 ஜனவரி 15 அன்று பீகார் நிலநடுக்கத்தில் 10,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அப்போது தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அது தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று திருநெல்வேலியில் பேசினார். தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடே இல்லை. ஆனால் இடிபாட்டில் செத்த குழந்தையைப் பாவக் கணக்கில் எழுதும் காரணம், நல்ல நோக்கத்துக்கே உதவினாலும், தவறான காரணம்தான். இந்த இடத்தில் நான் தாகூர் பக்கம்.

வினைக்கொள்கையின் இந்தக் குறையை உள்ளிருந்தே அறுக்கப் பார்த்தவர் அம்பேத்கர். 1956-இல் நாகபுரியில் அவர் ஏற்றுக்கொண்ட பௌத்தத்தில் கடவுளுக்கும் இடமில்லை, முற்பிறவிப் பாவத்தால் இழிபிறப்பு என்ற பேச்சுக்கும் இடமில்லை. கடவுளின் இடத்தில் அறத்தையே வைத்தார்.

மனிதரை மட்டும் நம்பும் நாத்திகம்

நாத்திகத்தின் பலவீனத்தை முதலில் பேசிவிடுவோம். 'கடவுள் இல்லை' என்பது உலகத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைப் பற்றிய கூற்று. அதிலிருந்து 'ஆகவே பிறருக்கு உதவு' என்றும் வராது, 'ஆகவே கொள்ளையடி' என்றும் வராது. அந்தக் காலி இடத்தில் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோவியத் ஆட்சி அங்கே வரலாற்றின் விதியை வைத்தது. வரப்போகும் பொன்னுலகத்துக்காக இன்றைய மனிதரைப் பலி கொடுக்கலாம் என்றானது. 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 6,80,000-க்கும் மேற்பட்டோர் சுடப்பட்டார்கள். "அது நாத்திகத்தின் குற்றம் அல்ல" என்று நம்மவர்கள் சிலர் கை கழுவுகிறார்கள். மதத்தின் பெயரால் நடந்த கொலைகளைப் பற்றி "அது உண்மையான மதம் அல்ல" என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கடவுளை நீக்கிவிட்டால் மனிதன் தானாகத் திருந்திவிடுவான் என்ற நம்பிக்கை அங்கே செத்துப்போனது. நாத்திகர்கள் அதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

சரி, பெரியார் அந்த இடத்தில் எதை வைத்தார்? "கடவுளை மற" என்பதோடு அவர் நிறுத்தவில்லை, "மனிதனை நினை" என்றும் சேர்த்தார். அவருடைய நாத்திகத்தில் எடை இருப்பது அந்த இரண்டாம் பாதியில். பக்தி தனிச்சொத்து, ஒழுக்கம் பொதுச்சொத்து என்று அவர் சொன்னதும் அதனால்தான். நீ கும்பிடுவதும் கும்பிடாததும் உன்னோடு முடிந்தது, நீ ஏமாற்றினால் அது என்னையும் பாதிக்கிறது. பிறர் நம்மிடம் எப்படி நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ அப்படியே நாம் பிறரிடம் நடப்பது, அவ்வளவுதான் அளவுகோல். எனக்கு வேண்டும் என்று கேட்கும் மரியாதையை உனக்கு மறுக்க நான் ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். பிறப்பையோ பாலினத்தையோ காரணமாகக் காட்டினால் அது பதில் ஆகாது.

இதற்கு வரும் கடினமான எதிர்க்கேள்வி இதுதான்: "எனக்குப் பிறரைப் பற்றி அக்கறையே இல்லை என்று ஒருவன் சொன்னால்?" அவனை வாதத்தால் மட்டும் வழிக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் நரகம் உண்டு என்று சொன்னாலும் அவன் அறத்துக்கு வந்துவிடமாட்டான், தண்டனைக்குப் பயந்து ஒதுங்குவான். அதற்குச் சட்டமும் காவல் நிலையமும் போதும். அக்கறை இல்லாதவனிடம் அக்கறையை உண்டாக்கும் வாதம் மூன்றில் எதனிடமும் இல்லை. இந்தத் தேர்வில் மூவரும் தோல்விதான், நாத்திகத்துக்கு மட்டும் இதில் மதிப்பெண் குறைக்கக் கூடாது.

திருத்திக்கொள்வதில்தான் நாத்திகம் எனக்கு முன்னால் தெரிகிறது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. எந்த சாத்திரத்துக்கும் புதுப்பொருள் கண்டுபிடித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. "இதுவரை நடந்தது தவறு" என்று சொன்னால் போதும். மதங்களும் திருந்தியிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "ஆதியிலேயே இப்படித்தான் சொல்லியிருக்கிறது" என்று நிறுவ வேண்டியிருக்கிறது. அதற்குள் ஒரு தலைமுறை போய்விடுகிறது.

ஆத்திகமும் நாத்திகமும் சந்தித்த ஒரு திருமணம்

ஆந்திரத்தில் கோரா என்று ஒருவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் நாத்திகத்துக்காகக் கல்லூரி வேலையை இழந்தவர். 1940-இல் முதுனூர் கிராமத்தில் நாத்திக மையத்தைத் தொடங்கி, 1947-இல் அதை விஜயவாடாவுக்குக் கொண்டுவந்தார். காந்தியோடு நெருங்கிப் பழகினார். என் ஆத்திகம் சரி என்றோ உங்கள் நாத்திகம் தவறு என்றோ என்னால் சொல்ல முடியாது என்ற பொருளில் காந்தி அவரிடம் பேசியிருக்கிறார். பிராமணக் குடும்பத்தில் பிறந்த கோரா, தம் மகள் மனோரமாவை ஒரு தலித் இளைஞருக்கு மணமுடிக்க முடிவு செய்தபோது, தம் சேவாகிராம ஆசிரமத்தில் தாமே நடத்திவைப்பதாக ஒப்புக்கொண்டவர் காந்தி. உறுதிமொழியில் கடவுளின் பெயருக்குப் பதில் உண்மையின் பெயரைச் சொல்லலாம் என்றும் இசைந்தார். திருமணத்துக்கு முன்பே அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். 1948-இல் அதே ஆசிரமத்தில் திருமணம் நடந்தது.

ஒரே மேடை, ஒரே முடிவு, இரண்டு அடித்தளங்கள். எந்த அடித்தளம் உயர்ந்தது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கவில்லை, தீண்டாமை எதிரே நின்றதால் அதற்கு நேரமும் இல்லை. கொள்கை அளவில் நான் கோராவை ஏற்கிறேன். ஆனால் அந்தக் காந்தியைவிட நெருக்கமான துணை கோராவுக்கு எந்த நாத்திகரிடமும் கிடைத்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

மறுமைக் கணக்கு இல்லாத கொடை

கூலி எதிர்பாராத அறம் வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்களுக்காக இதையும் சொல்ல வேண்டும். இப்பிறவியில் கொடுத்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் பார்க்கும் "அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்" என்று வள்ளல் ஆய் அண்டிரனைப் பாடுகிறார் சங்கப் புலவர் முடமோசியார். சான்றோர் போன வழி அது, அதனால் கொடுக்கிறான் என்பதுதான் அவர் காட்டும் காரணம். "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" என்கிறார் வள்ளுவர். இவர்களை நாத்திகர் என்று நான் இழுக்கவில்லை, வள்ளுவரின் முதல் அதிகாரமே கடவுள் வாழ்த்துதான். சொர்க்கம் இருக்கிறதா என்ற கேள்விக்கு விடை தெரியும் வரை ஈகை காத்திருக்க வேண்டியதில்லை என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். லாகூர் சிறையில் 1930-இல் பகத்சிங் எழுதியதும் இதைத்தான்: கயிறு கழுத்தில் விழும் அந்த நொடியோடு எல்லாம் முடிந்தது, இங்கேயோ மறுமையிலோ எந்தப் பரிசும் எதிர்பார்க்கவில்லை என்று. அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பொதுவுடைமைத் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்).

எங்கே நாத்திகம் பின்தங்குகிறது

காரணம் சரியாக இருப்பது ஒன்று, அதைத் தலைமுறைக்குக் கடத்துவது வேறொன்று. கோயிலில் பிள்ளைகள் அறத்தைப் பாட்டாகவும், பிரசாதமாகவும், ஊர் கூடும் நாளாகவும் பழகுகிறார்கள். நாத்திகம் இதில் பெரிதாகச் சாதித்தது திருமணம் ஒன்றில்தான். 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் நடந்த சுயமரியாதைத் திருமணத்துக்குப் பிறகு, புரோகிதர் இல்லாமல் ஆயிரக்கணக்கான திருமணங்கள் நடந்தன. 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் இவை செல்லாது என்றது. அண்ணா ஆட்சி 1967-இல் சட்டத்தைத் திருத்தி, பழைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. அந்தச் சட்டம் கேட்பது மிகக் குறைவு: உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று சொல்லி மாலை மாற்றினால் போதும், மோதிரம் அணிவித்தாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. மணமக்கள் தங்களுக்குப் புரியும் வார்த்தையில் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்கிறார்கள், கேட்பதற்கு மனிதர்கள் இருக்கிறார்கள். நாத்திக அறம் எப்படி இருக்கும் என்று கேட்பவருக்கு நான் காட்டுவது இந்தச் சில நிமிடங்களைத்தான்.

ஆனால் பிறப்புக்கும், நோய்க்கும், முக்கியமாகச் சாவுக்கும் இப்படி ஒன்று வேரூன்றவில்லை. தாத்தாவும் பாட்டியும் சுயமரியாதைத் திருமணம் செய்த வீடுகளில்கூட, ஒரு மரணம் நடந்ததும் பதினாறாம் நாளுக்குப் புரோகிதரைத் தேடுகிறார்கள். கொள்கை மாறியதால் அல்ல, அந்தப் பதினாறு நாளும் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. படத்திறப்புக் கூட்டம் ஒரு மாலையோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அந்த வீட்டுக்கு யார் போவது, எத்தனை நாள் போவது, அங்கே உட்கார்ந்து என்ன பேசுவது என்பதை நம் இயக்கங்கள் இன்னும் வகுக்கவில்லை. அடுத்த வேலை அங்கே இருக்கிறது.